தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கடம்பூர்
3.11.2003

அன்பு மகள் பூங்கொடிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கச் செண்பகவல்லி அம்மன் துணை நிற்க வேண்டும். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அந்த ஒரு வரியை எழுதி முடிக்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், உன் அப்பா என் கையில் இருந்து ரிசீவரைப் பிடுங்கி ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். நீ ஃபோன் பேசிவிட்டு அழுதால் அதையும் நீ இருக்கிற ஆஸ்பத்திரி நர்சுகள் குறித்து வைக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் கடிதம். நாளைக்குக் காலையில் கோவில்பட்டிக்குப் போய்க் கூரியரில் போட்டால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் நடக்கிற மீட்டிங்குக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடுமாம். எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஃபேக்ஸ் அனுப்பித் தருகிறேன் என்றார், நான் மாட்டேன் என்றுவிட்டேன். நம் வீட்டு விஷயத்தை அவர் ஒரு முனையில் படித்து, மாப்பிள்ளை ஆபீசில் எவனோ இன்னொரு முனையில் படித்து, அது எதற்கு.

மாப்பிள்ளை லிங்கராஜ் சொன்னதில் நான் விளங்கிக்கொண்டதை முதலில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் நீ மனசுக்குள் திருத்திக்கொள். அவர் வேலையாக வெளியூர் போயிருந்த வாரத்தில், பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற நர்சம்மா வந்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கி, எவ்வளவு அழகு என்று கொஞ்சியிருக்கிறாள். நீ உடனே, அழகெல்லாம் ஒன்றும் இல்லை, கறுத்த மூஞ்சி, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சொல்லி மூன்று தடவை தூ தூ என்று துப்பியிருக்கிறாய். பெயர் என்ன என்று கேட்டதற்கு, ஆபீசில் பதிந்த பூவனநாதன் என்ற பெயர் இருக்க, வீட்டில் குப்பை என்று கூப்பிடுகிறோம் என்று சொல்லி, அதற்கு இங்கிலீஷில் அர்த்தமும் சொல்லியிருக்கிறாய். அர்த்தம் தெரியாது என்று சொல்லக்கூடாதா, பள்ளிக்கூடத்தில் தெரிந்த பதிலை ஒன்று விடாமல் எழுதி வைப்பாயே, அந்தப் புத்தி எங்கே போகும். அடுத்த தடவை அவள் ஒரு மனநல டாக்டரம்மாவோடு வந்திருக்கிறாள். பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளாம். உனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றாலும் தாய்மொழியில்தான் கேட்க வேண்டும் என்று ஒரு தமிழ்ப் பெண்ணை ஃபோனில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இது உங்கள் குழந்தை இல்லை என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்று கேட்க, நீ, ஆமாம், இது என் பிள்ளை இல்லை, ஊரில் முத்துத்தாய் என்று ஒரு பெண், அவளுக்குத் தவிட்டுக்கு விற்றாயிற்று என்று சொல்லியிருக்கிறாய். குழந்தைக்கு யாராவது கெடுதல் செய்துவிடுவார்கள் என்று பயம் உண்டா என்றதற்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறாய். அந்தத் தமிழ்ப் பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவளாம், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, நீ சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்கிறாள், குப்பை என்கிறாள், மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு விற்றுவிட்டேன் என்கிறாள் என்று அந்த டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். அன்றைக்கே உன்னையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில், தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற மனநல வார்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை திரும்பி வந்து இது ஊர் வழக்கம் என்று சொல்லியும் அவர்களுக்கு விளங்கவில்லையாம்.

மூத்தவன் விஷயத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றும் மாப்பிள்ளை சொன்னார். தொட்டிலில் தூங்கின பிள்ளை தூக்கத்திலேயே போனான், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அந்த ஊர் டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் அப்போதே போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து மெத்தையையும் போர்வையையும் எடுத்துப்போனார்கள் அல்லவா, அது எல்லாம் அவர்கள் ஃபைலில் இருக்குமே. ஒரு பிள்ளை போயிருக்கிறது, இன்னொரு பிள்ளையை என்னுடையது இல்லை என்கிறாள், இவளை நம்பி எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டால் நான் யாரைக் குறை சொல்ல. மீட்டிங்கில் உட்கார்ந்து பேசி, பிள்ளையை உன்னோடு வீட்டுக்கு அனுப்புவதா, வேறு ஒரு குடும்பத்தில் கொடுத்து வளர்க்கச் சொல்வதா என்று முடிவு செய்வார்களாம். வேறு குடும்பம் என்று மாப்பிள்ளை சொன்னதும் நான் ஃபோனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாம் இங்கே ஊரறிய விளையாட்டாகச் செய்ததை அவர்கள் நிஜமாகவே செய்துவிடுவார்கள் போல இருக்கிறது.

நீ இரண்டாவது உண்டானபோதே பிரசவத்துக்கு நான் வந்துவிடுகிறேன் என்று தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன், விசா கிடைக்கவில்லை. உன் அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, உரக்கடையை விட்டுப் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் ஒரு நாள் நிற்க அவருக்கு முடியாது என்று இருந்துவிட்டார், இப்போது அதை நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு திரிகிறார். அதனால் பிள்ளையை விற்பதையும் உன்னை வைத்துக்கொண்டு செய்ய முடியவில்லை. நீ அனுப்பி வைத்த அவன் போட்டுக் கழற்றிய சட்டையைச் சுளகில் வைத்து, வாசலில் நின்று, பிள்ளை வாங்கலையா பிள்ளை என்று நான் கூப்பிட, முத்துத்தாய் வந்து ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டுச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஆடு மேய்க்கிற வீடு, ஆறு பிள்ளைகள், ஆறும் வெயிலிலும் மழையிலும் கிடந்து ஒரு தலைவலி இல்லாமல் வளர்ந்தவை. வேறு சாதி, வேறு தெரு, வேறு குலதெய்வம். நம் வீட்டைத் தேடி எது வந்தாலும் இங்கே பிள்ளையே இல்லை என்று ஏமாந்து போகட்டும் என்பதற்குத்தானே இந்தப் பாடு எல்லாம். மூன்று வயசில் முடியெடுத்துக் காது குத்தும் வரைக்கும் பெற்றவளும் சரி, நம் வீட்டில் யாரும் சரி, என் பிள்ளை என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது, முத்துத்தாய் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும் என்று உன்னிடம் நான் படித்துப் படித்துச் சொன்னேன். நீயும் மூத்தவனைப் பறிகொடுத்த பயத்தில் ஒன்று விடாமல் கேட்டாய். சொன்னதைக் கேட்காத பெண்ணாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

சைக்கிள் கடை இசக்கிராஜாவை உனக்கு நினைவிருக்கும். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று அவனைத் தவிட்டுக்கு விற்றார்கள். அவன் அம்மா அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, யார் வீட்டுப் பிள்ளையோ, என் உயிரை உறிஞ்சுது என்று சொல்வாள், தெருவே சிரிக்கும். வாங்கினவள் நாள் தவறாமல் வந்து, என் பிள்ளைக்கு எண்ணெய் வச்சியாட்டி, என் பிள்ளை ஏன் மெலிஞ்சிருக்கான் என்று அதட்டுவாள். இசக்கிராஜா அம்மாவைப் பைத்தியம் என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. சொன்னது எல்லாம், பிள்ளை மேல் இத்தனை ஆசையா என்றுதான். இதை அந்த டாக்டரம்மாவுக்கு எப்படிச் சொல்லி விளங்க வைப்பது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது. என் வாயால் எத்தனையோ பேரை அடக்கியிருக்கிறேன், சத்துணவு வேலையில் ஆபீசர் சோதிக்க வந்தாலும் பயந்ததில்லை, ஆனால் இங்கிலீஷ் டாக்டரம்மாவை நினைத்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உன் சித்தப்பா மகள் சுகுணா மதுரையில் சைக்காலஜி படிக்கிறாள் அல்லவா, தீபாவளிக்கு வந்தவள் இதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறாள். அவளிடம், அந்தக் கேள்விகளை யார் உண்டாக்கினார்கள், அதில் நம் பிள்ளை தோற்றுப்போனாள் என்கிறார்களே, அது என்ன பரீட்சை என்று கேட்டேன். அவள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மனுசர்கள் பயந்தால் இப்படிச் செய்வார்கள், மனுசர்கள் பிள்ளையை இப்படி நேசிப்பார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறதாம். எந்த மனுசர்கள் என்று பார்த்தால் முக்கால்வாசி அந்த நாடுகளில் காலேஜ் படிக்கிற பிள்ளைகளை வைத்துக் கேட்டு எழுதினதாம். மனுசங்கன்னு மொத்தமா போட்டிருக்காவ பெரியம்மா, ஆனா நம்ம பக்கம் வந்து ஒருத்தரையும் கேக்கல என்றாள். அப்படியென்றால் புத்தகம் பொய்யா என்றேன். பொய் இல்லை பெரியம்மா, அவியளுக்கு அது சரியாத்தான் இருக்கும், அந்த ஊருல ஒரு பொம்பள எம்பிள்ள எனக்குச் சொந்தமில்லன்னு சொன்னா அவளுக்கு மனசு கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம், நம்ம ஊருல அதே வார்த்தைய ஒரு பொம்பள சொன்னா பிள்ளைய ஒளிச்சு வைக்கான்னு அர்த்தம், ரெண்டையும் ஒரே தராசுல போட்டுட்டாவ என்றாள். இப்போது கொஞ்ச வருஷமாக அந்த ஊர்க்காரர்களே இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்களாம், வேறு ஊர் வழக்கம் தெரிந்து பார்க்கிற மனநல டாக்டர்கள் அங்கேயே இருப்பார்களாம். அப்படி ஒருவரை மீட்டிங்குக்குக் கூப்பிடச் சொல்லி மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். தவிட்டு விவரத்தையும் அவள் இங்கிலீஷில் எழுதித் தந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் போய்ச் சோறு வைக்கிற நேரத்தில் பழையபடி பயம் வந்துவிட்டது. படிக்கிற பிள்ளை சொல்வதை யார் கேட்பார்கள்.

உன் அப்பா கடையில் வருகிறவர்களிடம் எல்லாம், வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும், நம்ம மனசை அவன் எப்படி அளப்பான் என்று பேசிக்கொண்டிருக்கிறார். ஐப்பசி பிறந்தும் மழை சரியாக இல்லை, உளுந்து விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், உரம் வாங்க ஆள் இல்லை, அதனால் பேச நேரம் நிறைய இருக்கிறது. எனக்கு அவரைப்போல ஒரே பக்கமாகக் கோபப்பட முடியவில்லை கொடி. பசுவந்தனையில் உன் அப்பாவுக்குத் தங்கை முறை ஒருத்தி இருந்தாள், வெயிலுகந்தம்மாள். நீ பிறப்பதற்கு முந்தி. பிள்ளை பெற்றுப் பத்து இருபது நாளில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள், பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, இது என் பிள்ளை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். அதையும் பிள்ளைக்குக் கண் பட்டுவிடக்கூடாது என்று சொல்கிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பிறகு பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் மத்தியானம் பிள்ளையோடு கமலைக் கிணற்றில் இறங்கிவிட்டாள். இரண்டு பேரையும் வெளியே எடுத்தபோது பிள்ளை அவள் சேலையிலேயே சுற்றி இருந்ததாம். அவள் சொன்னதும் நீ சொன்னதும் ஒரே வார்த்தை. அவர்கள் ஊர்க் கண்ணால் பார்க்கிறவர்கள் உன்னைத் தப்பாகப் பார்க்கிறார்கள், நம் ஊர்க் கண்ணால் பார்த்தவர்கள் அவளைத் தப்பாகப் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா கெட்டவள் இல்லை, அவள் பயப்படுகிற பயம் எனக்குத் தெரிகிறது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் நீ ஃபோனில் சொன்ன ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா, சொல்லிச் சொல்லி எனக்கே அவன் வேற யார் பிள்ளையோ மாதிரி இருக்கும்மா என்றாய். அப்புறம் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் நர்ஸ் எடுத்தாள், எனக்கு இங்கிலீஷ் வராது, வைத்துவிட்டேன். இங்கே அந்தச் சொல்லை நீ ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டாய். நீ சொன்னால் சிரிக்க ஒரு தெரு இருக்கும், முத்துத்தாய் வந்து உன்னை அதட்டுவாள், எதிர்வீட்டுக்காரி, போதும்டி உன் நடிப்பு, பிள்ளைக்குப் பால் கொடு என்பாள். சொல்கிறதும் பொய், கேட்கிறதும் பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தே நடக்கும். நீ அங்கே மாப்பிள்ளை வேலைக்குப் போனபிறகு பூட்டின வீட்டுக்குள், சிரிக்க ஒருத்தரும் இல்லாமல் நாலு மாதமாக அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லியிருக்கிறாய். சுவரைப் பார்த்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்குத்தான் மனசு கலங்காது. வழக்கத்தை நான் இங்கே இருந்து அனுப்பினேன், தெருவை அனுப்ப முடியவில்லை.

அதனால் அம்மா ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நான் சொல்லச் சொன்னதற்காகச் சொல்வது வேறு, உனக்காகத் தோன்றுவது வேறு. உனக்கே தோன்றுகிறதா. அவன் அழும்போது எழுந்து போக மனசு வராமல் இருக்கிறதா. கிணறு மாதிரி ஏதாவது கண்ணில் தெரிகிறதா. இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அதை மட்டும் மறைத்துவிடாதே. அந்த டாக்டரம்மாவிடமே சொல், மருந்து கொடுத்தால் சாப்பிடு. வெயிலுகந்தம்மாளுக்கு அப்படி ஒரு டாக்டரம்மா இல்லை. எது வழக்கம் எது வியாதி என்று பிரித்துச் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும், சுகுணா புத்தகத்தாலும் முடியாது, என்னாலும் முடியாது. மகளைப் பார்த்து உனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று எந்த அம்மா கேட்பாள்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் நான் செய்தது உனக்கு விளங்கும். மீட்டிங்கில் அவர்கள், இது உன் பிள்ளையா என்று மறுபடியும் கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால்தான் பிள்ளை உன் கைக்கு வரும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் நாம் இத்தனை நாள் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. மூத்தவன் போன வயசை இப்போதுதான் இவன் தாண்டியிருக்கிறான். சொல்லாதே என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சொல் என்றால் எது தூக்கிக்கொண்டு போகுமோ என்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம். சுகுணாவிடம் இதைச் சொன்னபோது அவள்கூட, அதெல்லாம் மூடநம்பிக்கை பெரியம்மா என்று சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா கோவிலுக்கே போகாத மனுசர், நான் கேட்டதற்கு, நீ என்ன முடிவு செய்தாலும் சரி, என்கிட்ட கேக்காத, எனக்குப் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். முப்பது வருஷமாக அவர் வாயில் இருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

இன்றைக்குக் காலையில் நான் முத்துத்தாய் வீட்டுக்குப் போனேன். ஒரு மரக்கால் தவிடு, தேங்காய், வெற்றிலை பாக்கு, தீபாவளிக்கு எடுத்து நான் கட்டாத சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஆடுகளைப் பத்திவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் திரும்ப வாங்க வந்திருக்கிறேன் என்றதும் கஞ்சிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டாள். என்னக்கா சொல்லுதீய, மூணு வயசாகட்டும் காது குத்திட்டு வாங்கிக்கிடுதேன்னு நீங்கதான சொன்னீய, நடுவுல வாங்கினா பிள்ளைக்கு ஆகாதுக்கா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்மனசு தாங்காது என்று கையை ஆட்டி மறுத்தாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா, கேள்வி, மீட்டிங் எல்லாம் கேட்டாள். பெத்தவகிட்ட இருந்து தூக்கிட்டுப் போயிருவாவளா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், நாந்தான வாங்கினேன், நான் வந்து சொல்லட்டுமா, எங்கிட்ட கேளுங்க, அவ நல்ல பிள்ளதான்னு அவியகிட்ட நான் சொல்லுதேன், எனக்கு எப்படிப் போகணும்னு மட்டும் சொல்லுங்க என்றாள். இங்கே பக்கத்தில் இருக்கிற மணியாச்சிக்கு ரயிலேறுகிற மாதிரி நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியெல்லாம் போக முடியாது முத்துத்தாய், பிள்ளையைக் கொடு என்றேன்.

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தன் பிள்ளைகளின் துணிகளுக்கு நடுவே வைத்திருந்த சட்டையை எடுத்து வந்தாள். சுளகில் வைத்தாள். நான் தவிட்டைக் கொட்டினேன். பாதித் தவிடு தரையில்தான் விழுந்தது. நான் வித்துட்டேன், இனி அவன் உங்க பிள்ளை, உங்க பாடு என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவைகூடப் பார்க்காத பிள்ளைக்கு அந்த அழுகை அழுதாள். அவன் பெயரில் ஒரு ஆட்டுக்குட்டி விட்டிருக்கிறாளாம், அதை மட்டும் திருப்பித் தரமாட்டேன், அது அவனுக்குத்தான் என்றாள். நான் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அவள் புருஷன் சுந்தரபாண்டி, யார் பிள்ளை சட்டை மயினி என்று கேட்டார். என் பேரன் சட்டை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என்ன ஆகப்போகிறதோ என்று அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டைத் தேடிப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே, பயம் போகவில்லை, இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வராத ஒன்றுக்குப் பயந்து, வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்க என்னால் ஆகாது.

ஆகவே கொடி, பிள்ளை திரும்ப வாங்கியாயிற்று. முறைப்படி வாங்கியாயிற்று, சாட்சியோடு வாங்கியாயிற்று. இனி நீ சொல்வதில் குற்றம் இல்லை, கெடுதல் ஏதும் வந்தால் அது என்னோடு போகட்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். மீட்டிங்கில் அந்த ஃபோன் பெண் வேண்டாம் என்று சொல். உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நீயே பேசு, தப்பு வந்தால் வரட்டும். மூத்தவனைப் பற்றிக் கேட்டால் அழுகையை அடக்காதே, அழுதால் குறித்து வைப்பார்கள் என்று பயந்து கல் மாதிரி உட்காராதே, அந்த ஊரிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழத்தான் செய்வாள். மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, பாவம், அவரும் தனியாகத்தான் அலைகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, பால் குறைந்துவிடும், பூண்டு கிடைத்தால் சேர்த்துக்கொள். போளி வைத்து அனுப்பலாம் என்றால் கூரியர்காரன் எடுக்க மாட்டானாம். பூவனநாதனும் நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு இருந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்து வாழ வேண்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது.

ஒன்று மறந்துவிடாதே. டாக்டரம்மாவிடம் சொல்வது அப்புறம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நீ என் பிள்ளை என்று அவன் காதில் முதலில் சொல். பிறந்ததில் இருந்து அவன் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
பூவனநாதனின் ஆச்சி
முத்துமாரியம்மாள்